குளம் எந்தப் படி வரை வந்தது?

போன ஞாயிற்றுக்கிழமை, கருங்கல் பக்கத்தில் ஒரு வீட்டுக்குச் சாயா குடிக்கப் போயிருந்தேன். அழைத்தவர் ஸ்டெல்லா. உண்மையான பெயர் அதுவல்ல. தாராளமாக எழுதலாம், ஆனால் எல்லோர் பெயரையும் மாற்றிவிட வேண்டும் என்று சொல்லிவிட்டார். தனக்கான பெயரை மட்டும் அவரே தேர்ந்தெடுத்தார். சின்ன வயதிலிருந்தே ஆசைப்பட்ட பெயராம்.

சாயா குடிக்கப் போனதில் எழுத என்ன இருக்கிறது என்கிறீர்களா? இருக்கிறது. மறுநாள் ஸ்டெல்லா அந்த வீட்டில் இருப்பாரா, இல்லை மதுரைக்கும் அப்பால் ஏதோ ஒரு காம்பவுண்டுச் சுவருக்குள் இருப்பாரா என்பது அன்று அந்தி வரை முடிவாகவில்லை.

முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன்.

என் வீட்டு மாடியில் குடியிருக்கும் சித்ரா ஒரு நர்ஸ். பூதப்பாண்டிக்காரி. ஆனால் ஆஸ்பத்திரியில் போய்த் தேடினால் கிடைக்கமாட்டாள். கடுமையான மனநோய் உள்ளவர்களை வீடு தேடிப் போய்ப் பார்க்கும் ஒரு சின்னக் குழுவில் வேலை செய்கிறாள். நர்ஸ், சமூகப் பணியாளர், தேவைப்பட்டால் டாக்டர் — எல்லோரும் போவார்கள். ரொம்ப முடியாமல் இருந்தால் தினமும். தேறி வந்தால் வாரத்தில் ஓரிரு நாள். ஊசி, மாத்திரையோடு முடிகிற வேலை இல்லை. ரேஷன் கடைக்குக் கூடவே நடப்பது, பல்வலிக்கு டாக்டரிடம் கூட்டிப்போவது, ஒழுகுகிற ஓடுகளை மாற்ற ஆள் பிடிப்பது... எல்லாமே வைத்தியத்தில் சேர்த்தியாம்.

மழைக்காலத்தில் ஒரு நாள் அவர்களுடைய ஜீப் ஒர்க் ஷாப்பில் போய்ப் படுத்துக்கொண்டது. காரை எடுக்க முடியுமா என்று சித்ரா கேட்டாள். பத்திரிகையில் பத்தி எழுதுகிறவள் நான்; விஷயம் கிடைக்காமல் முழித்துக்கொண்டிருந்த வாரம் அது. மாட்டேன் என்பேனா?

ஆனால் அவள் கண்டிஷன் போட்டாள். யார், என்ன, எதற்கு என்று எதுவும் கேட்கக்கூடாது. சொல்வதும் சொல்லாததும் அந்த வீட்டுக்காரரின் உரிமை. எங்கள் வாயிலிருந்து ஒரு வார்த்தை வராது என்றாள். சரி என்றேன். இன்னொன்று — காரைச் சர்ச் முக்கிலேயே நிறுத்திவிட்டு நடந்துதான் போக வேண்டும். ஏன் என்றேன். கேட்கக்கூடாது என்று இப்போதுதானே சொன்னேன் என்றாள். என்ன செய்ய? வாயை மூடிக்கொண்டு ஓட்டினேன். என் வாழ்க்கையில் அபூர்வமான ஒரு மணி நேரம்.

ரப்பர் தோட்டத்துக்கு நடுவில் ஒற்றையடிப் பாதை. தூறல் நின்றுவிட்டது. ஆனால் இலைகள் இன்னும் பெய்துகொண்டிருந்தன. எங்கோ ஒரு வீட்டில் மாவு இடிக்கிற சத்தம். அது பின்னாலிருந்து வருகிறதா, முன்னாலிருந்து வருகிறதா என்று தெரியவில்லை. எங்களுக்கு முன்னால் சமூகப் பணியாளர் ஜெபின், கறுப்பு ஜிப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்தார். பாதை முடிகிற இடத்தில் சட்டென்று ஒரு குளம். குளத்துக்கு இந்தப் பக்கம் ஓட்டு வீடு. வாசலில் படிகள். மேல்படியில், ஈரத் தலையோடு, குளத்தையே பார்த்துக்கொண்டு ஒரு பெண்.

மருந்து சாப்பிட்டாச்சா, தூங்கினீங்களா — இப்படித்தான் சித்ரா தொடங்குவாள் என்று நினைத்தேன். அவள் கீழ்ப்படியில் உட்கார்ந்து, தானும் குளத்தைப் பார்த்தாள்.

"எக்கா, குளம் இன்னைக்கு எங்க நிக்கி?"

"இன்னைக்கு காலத்த ஒண்ணாம் படி வரை வந்துது," என்றார் ஸ்டெல்லா. "பெறவு போயிட்டு."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு ஸ்டெல்லாவே எனக்கு விளக்கிச் சொன்னார். சில நாட்களில் குளம் எழுந்து வீட்டுக்கு வரும். சத்தம் கிடையாது. எதையும் நனைக்காது. தாமரை வாசம் மட்டும் முன்னால் வரும். படியேறிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகும். நோய் முற்றியிருந்த காலத்தில் நடுவீடு வரை வந்து நின்றதாம். கட்டிலைச் சுற்றி வெள்ளம், இறங்க வழியில்லாமல் நாள் முழுக்கக் கட்டிலிலேயே கிடந்திருக்கிறார்.

குளம் வராது என்று சித்ரா அவரிடம் வாதாடியதில்லை. வரும் என்று தலையாட்டியதும் இல்லை. எங்கே நிற்கிறது என்று மட்டும் கேட்பாள். குளம் அதன் இடத்தில் கிடந்தால் ஸ்டெல்லா நிம்மதியாகத் தூங்கியிருக்கிறார் என்று அர்த்தம். முதல் படி என்றால் ஏதோ கவலை, உட்கார்ந்து பேச வேண்டும். இரண்டாம் படி தாண்டினால் டாக்டருக்குப் போன். ரத்தம் எடுத்துப் பரிசோதிக்கிற மாதிரிதான் இதுவும்.

நானும் பார்த்தேன். நீர்மேல் மழைப்புகை. கரை எங்கே முடிகிறது, தண்ணீர் எங்கே தொடங்குகிறது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. நிஜமாகச் சொல்கிறேன், கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தால் எனக்கும் அது நகர்கிற மாதிரிதான் இருந்தது. வயதாகிறது என்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

அன்று குளம் ஏன் முதல் படிக்கு வந்தது? அண்ணன் வரப்போகிறார். மஸ்கட்டில் வேலை பார்க்கும் தாசன். அம்மா இறந்த பிறகு அந்த வீட்டில் ஸ்டெல்லா தனி ஆள். லீவில் வரும்போது தங்கையை மதுரைக்கு அப்பால் மனநோயாளிகளுக்கான ஒரு ஹோமில் சேர்த்துவிடுவதாக முடிவு செய்திருந்தார். ஸ்டெல்லா முன்பு ஒருமுறை அங்கே இருந்தவர்தான். தலையை மழித்தது, கம்பிக் கதவு, பெயர் சொல்லிக் கூப்பிட ஆளில்லாதது... இதையெல்லாம் ஊர்க்கதை மாதிரி அமைதியாகச் சொன்னார். அழைத்துப்போன வண்டியைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் ஒற்றையடிப் பாதையைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். வெள்ளை வண்டியாம்.

என் கார் வெள்ளை. சர்ச் முக்கில் ஏன் நிறுத்தச் சொன்னாள் என்று அப்போதுதான் உறைத்தது.

இந்த நேரம் பார்த்துப் படலையைத் திறந்துகொண்டு மூன்று பெண்கள் வந்தார்கள். முன்னால் வந்தவர் லீலாபாய். அடுத்த வீட்டுக்காரர். சர்ச் பெண்கள் ஐக்கியத்தில் அவர் வைத்ததுதான் சட்டம். எப்போதோ ஒரு கெட்ட நாளில் ஸ்டெல்லா அவருடைய பூச்சட்டிகளைப் போட்டு உடைத்துவிட்டார். அதிலிருந்து இரண்டு வீட்டுக்கும் நடுவிலிருந்த வேலி வழியை முள் வைத்து அடைத்தாயிற்று. பேச்சு வார்த்தையும் இல்லை. அப்படிப்பட்டவர் இப்போது கையில் பாயும் பாட்டுப் புத்தகமுமாக வந்து நிற்கிறார்.

காரணம் என்ன தெரியுமா? சித்ராவும் ஜெபினும்தான். டவுனிலிருந்து இரண்டு பேர் தவறாமல் வருகிறார்கள். மெதுவாகப் பேசுகிறார்கள். தலை குனிந்து கேட்கிறார்கள். யார் என்று கேட்டால் சிரிக்கிறார்களே தவிரப் பதில் இல்லை. போதாக்குறைக்கு அந்தக் கறுப்பு ஜிப் பை. எங்கள் மாவட்டத்தில் கறுப்பு ஜிப் பைக்குள் என்ன இருக்கும் என்று யாராவது கேட்பார்களா? வேதப்புத்தகம்தான்! யாரோ வேறு சபைக்காரர்கள் ஸ்டெல்லாவை இழுத்துக்கொண்டு போக வந்திருக்கிறார்கள் என்று லீலாபாய் முடிவே கட்டிவிட்டார்.

ஒரு பெண் தனியாகக் கிடந்து அவதிப்பட்டபோது எட்டிப் பார்க்காத தெரு, அவள் சபை மாறிவிடுவாள் என்றதும் பாயோடு வந்துவிட்டது. எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது.

"ஒனக்கு ஞானஸ்நானம் குடுத்தது நம்ம சபையிலல்லா பிள்ளே?" என்றார் லீலாபாய் ஸ்டெல்லாவிடம். "நாங்க செத்தா போனோம், வெளியூருக்காரங்க வந்து ஜெபிக்கியதுக்கு?" பாயை விரித்து உட்கார்ந்தார். ஜெபின் பக்கம் திரும்பி, பையைத் திறந்து இன்றைக்கு என்ன வசனம் என்று வாசிக்கச் சொன்னார்.

ஜெபின் பையை இன்னும் இறுக்கிக்கொண்டார். உள்ளே இருப்பது ஊசியும் மருந்தும். அவர் சித்ராவைப் பார்த்தார். சித்ரா ஸ்டெல்லாவைப் பார்த்தாள். ஒரு வார்த்தை சொன்னால் குழப்பம் தீர்ந்துவிடும். ஆனால் அந்த வார்த்தை அவர்களுடையது இல்லையே. ஸ்டெல்லா தூணைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். உள்ளே ஓடிக் கதவைச் சாத்திக்கொள்ளப் போகிறார் என்றுதான் நினைத்தேன்.

"லீலாக்கா, அது வேதப்புஸ்தகம் இல்ல. எனக்க ஊசி. மாசாமாசம் போடணும். போடலண்ணா எனக்க மனசு எனக்க கையில நிக்காது. ஒங்க பூச்சட்டிய ஒடச்சது அப்பிடித்தான்."

கூட வந்த ஒரு பெண் மெதுவாகப் பாயிலிருந்து நகர்ந்தார். லீலாபாய் நகரவில்லை. பாட்டுப் புத்தகத்தைத் திறந்தார், மூடினார்.

"எனக்கு சுகருக்கு தெனமும் ஊசி உண்டும்," என்றார் கடைசியில். "ஒனக்கு மாசத்துக்கு ஒண்ணுதானா? பாக்கியசாலி."

வந்ததுதான் வந்தோம் என்று ஒரு பாட்டும் பாடிவிட்டுத்தான் போனார்கள். ஸ்டெல்லாவும் கூடச் சேர்ந்து பாடினார். அந்தக் குரல் குளத்து மேல் போய்த் திரும்பி வந்த மாதிரி இருந்தது. இன்றும் எனக்கு அது கனவில் கேட்டதா, நிஜத்தில் கேட்டதா என்று சந்தேகம்தான். அதற்குப் பிறகு வேலியில் முள் இல்லை என்று ஸ்டெல்லா போனில் சொன்னார். குளத்தைப் பற்றியும் லீலாபாயிடம் சொல்லிவிட்டாராம்.

வீட்டில் ஒருவருக்கு மனசு சரியில்லை என்று சொல்லிப் பாருங்கள். நாம் கேட்கிற முதல் கேள்வி, 'எங்கே சேர்த்திருக்கீங்க?' எப்படி இருக்கிறார் என்றுகூட அப்புறம்தான் கேட்போம். உதவி என்றால் ஆளை அங்கிருந்து எடுத்துவிடுவது என்றே நமக்குப் பழகிப்போயிற்று. எனக்கும்தான்.

இப்போது போன ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். காரை அன்று போலவே சர்ச் முக்கில் விட்டுவிட்டு நடந்தேன். தாசன் வாசலில் இருந்தார். கொடூரமான ஆளாக இருப்பார் என்று கற்பனை செய்து வைத்திருந்தேன். கண்ணுக்குக் கீழே கறுத்து, களைத்துப்போன ஒரு மனிதர். ஹோம் வண்டியை நாளைக் காலையில் வரச் சொல்லியிருப்பதாக அவரே சொன்னார்.

"நான் கல்நெஞ்சுக்காரன் இல்ல, கேட்டீங்களா. அங்க மஸ்கட்டுல, ஊருலேருந்து போன் வந்தாலே நெஞ்சு பதறும். சித்ராவும் டாக்டரும் வாறாங்க, சரி. அவங்க வராத நாளுல இவள எட்டிப் பாக்க ஒரு ஆளு வேணுமா வேண்டாமா?"

நியாயமான கேள்வி. சாயாவைக் குடித்தேன். அது ஆறிப்போயிருந்தது.

வெயில் தாழ்ந்து, குளம் செம்பு நிறத்துக்கு மாறிக்கொண்டிருந்தபோது வேலி வழியாக லீலாபாய் வந்தார். கையில் அவித்த மரச்சீனியும், அதாவது மரவள்ளிக் கிழங்கும், காந்தாரி மிளகாய்ச் சட்னியும். தட்டை வைத்துவிட்டு, மழை வருமா என்று கேட்கிற தோரணையில் ஸ்டெல்லாவிடம் கேட்டார்: "குளம் இன்னைக்கு எதுவரை வந்துது பிள்ளே?"

தாசன் நிமிர்ந்து பார்த்தார். வரவே இல்லை என்று ஒரு பொய் சொல்லிவிடக் கூடாதா? அண்ணன் பக்கத்தில் இருக்கிறார், காலையில் வண்டி...

"ஒண்ணாம் படி," என்றார் ஸ்டெல்லா.

"வராம என்ன செய்யும்? நாளைக்கு வண்டி வருதுண்ணு சொன்னா எனக்க வீட்டுக்கே குளம் வரும்," என்றார் லீலாபாய். பிறகு தாசனிடம் திரும்பினார். "ஒண்ணாம் படிண்ணா நான் கொஞ்ச நேரம் கூட இருப்பேன். ரெண்டாம் படி தாண்டினா சித்ராவுக்குப் போன் அடிப்பேன். நம்பர் எனக்க கையில உண்டும். காலத்தயும் அந்திக்கும் கேக்கியேன். நீ லீவு முடிஞ்சு போ மக்கா."

தாசன் எழுந்து தென்னை மரத்தடி வரை போய்ப் போன் செய்தார். வண்டி வேண்டாம் என்று அவர் சொன்னது எங்களுக்குக் கேட்டது. திரும்பி வந்தவர் இரண்டாம் படியில் உட்கார்ந்தார். கால் நனைந்துவிடுமோ என்பது போலச் செருப்பைக் கழற்றி மேலே வைத்துவிட்டு. தங்கையை அவர் பார்க்கவில்லை. குளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்டெல்லா மரச்சீனித் தட்டை அவர் பக்கம் நகர்த்தினார்.

எனக்கு அழுகை வந்தது. காந்தாரி மிளகாய் என்று சொல்லித் தப்பித்தேன்.

கிளம்பும்போது படலை வரை கூட வந்தார் ஸ்டெல்லா. அடுத்த தடவை காரை வீட்டு முன்னாலேயே கொண்டுவந்து நிறுத்தச் சொன்னார். சரி என்று திரும்பி நடந்தேன். பின்னாலிருந்து கூப்பிட்டார்.

"அக்கா, ஒங்களுக்க குளம் இன்னைக்கு எங்க நிக்கி?"

சிரித்துவிட்டுத்தான் நடந்தேன். சர்ச் முக்கு வருவதற்குள் சிரிப்பு நின்றுவிட்டது... இத்தனை வயதில் இப்படி ஒரு கேள்வியை என்னிடம் யாருமே கேட்டதில்லை.