மந்திரித்த பொடியும் முறைக்காய்ச்சலும்

ஏலக்காய் உலர்த்தும் கூடத்தில் தீ எரிந்துகொண்டிருந்தது. அந்தச் சூடு தாங்காமல் நாங்கள் எல்லாரும் வாசலுக்கு வந்து வந்து மூச்சு வாங்கினோம். என் வீட்டுக்காரர் சூசை மட்டும் அடுப்பு வாய்க்குப் பக்கத்தில் ஒடுங்கி உட்கார்ந்து, "ஏ புள்ள, அந்தக் கம்பளிய எடு. குளுருது" என்றார். பட்டப்பகல். விளையாடுகிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அவருடைய பற்கள் கிடுகிடுவென்று அடித்துக்கொள்வது காதில் விழுந்ததும் ஓடிப்போய்க் கம்பளியை எடுத்து வந்தேன்.

எங்களுக்கு ராயப்பன்பட்டி. மழை பொய்த்துப்போன வருஷம் அது. காட்டில் வேலை இல்லாததால் நாங்கள் இருவரும் ஏலத்தோட்டத்துக்குக் கிளம்பினோம். கம்பமெட்டு ஏறிவிட்டால் அந்தப் பக்கம் திருவிதாங்கூர் ராஜாவின் சீமை. காசு வேறு, பேச்சு வேறு, தண்ணீர் வேறு. கப்பலேறிக் கண்டிக்குப் போனால்தான் அந்நிய தேசம் என்று நினைக்காதீர்கள். நோயில் விழுந்தால் யாரைக் கூப்பிடுவது என்று தெரியாத இடமெல்லாம் அந்நிய தேசம்தான்.

எங்களைப்போல மலை ஏறப் போகிற குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். கோயில் பள்ளிக்கூடத்தில் கற்ற எழுத்து. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

புறப்படும் முன்பு நாங்கள் ஒழுங்காகத்தான் இருந்தோம். உத்தமபாளையம் தருமாஸ்பத்திரிக்குப் போய், அங்கிருந்த அப்போத்திக்கரியிடம் (நோயும் பார்த்து மருந்தும் கலந்து கொடுக்கிற சின்ன டாக்டர்) கொய்னா வாங்கிக்கொண்டோம். கொய்னா என்பது காய்ச்சலை அடக்கும் பொடி, ஒரு மரத்தின் பட்டையிலிருந்து எடுப்பது. கசப்பென்றால் அப்படியொரு கசப்பு. "மலை எறங்குற வரைக்கும் இத விடப்படாது. கசக்குதுன்னு தூக்கிப் போட்டுட்டு எங்கிட்ட வந்து அழுவாதீக" என்று அவர் கறாராகச் சொல்லி அனுப்பினார்.

மலை அடிவாரத்தில் ஒரு புளியமரம். வழிப்போக்கர்கள் அங்கே இளைப்பாறுவார்கள். கழுத்தில் பெரிய செபமாலையும் மாதா படம் தைத்த துணி உத்தரியமுமாக ஒருவன் உட்கார்ந்திருந்தான். என் கழுத்துச் சிலுவையைப் பார்த்தானோ இல்லையோ, எழுந்து நின்று, "சர்வேசுரனுக்குத் தோத்திரம்" என்றான். அவ்வளவுதான், எங்க ஆள் உருகிவிட்டார். ஊரை விட்டு வந்த இடத்தில் நம் வேதக்காரன் ஒருவன் எதிர்ப்பட்டால் மனசு எப்படி இளகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அவன் ஒரு பொட்டலத்தை எடுத்தான். மேலே அம்பு தைத்த செபஸ்தியார் படம். கொள்ளைநோய்க்கு நாம் யாரை வேண்டுகிறோம் என்று தெரிந்தவன்தான்! "மலையாளத்துச் சாமியாரு மந்திரிச்சுக் குடுத்த பொடி. காச்சலு கிட்ட அண்டாது" என்றான். பிறகு குரலைத் தாழ்த்தி, "இங்கிலீசு மருந்து ஏதும் வச்சிருக்கீகளா? ரெண்டும் ஒரே மூட்டையில இருக்கப்படாது. மந்திரிச்சதுக்கு வலு போயிரும். குடுங்க, நானே ஆத்துல விட்டுர்றேன்" என்றான்.

நான் முகத்தைச் சுளித்தேன். இவர் கொய்னா முழுவதையும் எடுத்துக் கொடுத்தார். நமக்காக ஆறுவரை நடக்கப் போகிறானே, பாவம் என்று அவனுக்குக் கட்டுச்சோற்றில் பாதியையும் கொடுத்தார்! இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

இனி காய்ச்சலைப் பற்றிச் சொல்கிறேன். நன்றாகக் கேளுங்கள். இதற்கு முறைக்காய்ச்சல் (ஒருநாள் விட்டு ஒருநாள் வரும் குளிர்காய்ச்சல்) என்று பெயர். முதலில் குளிர், பிறகு அனல், கடைசியில் பாய் நனையும் வியர்வை. அடுத்த நாள் ஒன்றுமே நடக்காததுபோல் ஆள் எழுந்துவிடுவார். எங்க ஆளும் எழுந்தார். கஞ்சியை இரண்டு தடவை கேட்டு வாங்கிக் குடித்தார். "பாத்தியா, பொடி வேலை செஞ்சிருச்சு" என்று வேலைக்கும் போனார்.

மறுநாள் மதியம் திரும்பவும் விழுந்தார்.

இந்த நோயின் கள்ளத்தனமே இதுதான். விட்ட நாளெல்லாம் பொடியின் பேரில் வரவாயிற்று. வந்த நாளெல்லாம் இவருடைய விசுவாசக் குறைவாயிற்று. "நான் முழு மனசோட முழுங்கல போல" என்று இன்னும் கொஞ்சம் வாயில் போட்டுக்கொள்வார். ஆள் கண்முன்னே உருகினார். கண் மஞ்சளித்து, உதடு வெளுத்து, வேட்டி இடுப்பில் நிற்காத நிலைக்கு வந்தார்.

ஒரு விட்ட நாளில் அந்தப் பொடியை என் நாக்கில் வைத்துப் பார்த்தேன். மந்திரித்ததைச் சோதிப்பது பாவமோ என்று முதலில் சிலுவை அடையாளம் வரைந்துகொண்டேன். பச்சரிசி மாவு! காலமெல்லாம் இடித்துச் சலித்தவளுக்கு அது தெரியாதா?

"தூக்கிப் போடப் போறேன்" என்றேன்.

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "செபஸ்தியாரையா தூக்கிப் போடுவ?"

"செபஸ்தியாரு எங்கிட்ட இருக்கட்டும். அவருக்கும் இந்த மாவுக்கும் ஒட்டும் இல்ல, ஒறவும் இல்ல" என்று படத்தைப் பிரித்து என் ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு, மாவைச் சரிவில் கொட்டினேன். அவர் அதற்குமேல் சண்டை போடவில்லை. சண்டை போடாததுதான் எனக்குப் பயமாக இருந்தது. அந்த மனுஷன் சும்மா விடுகிறவர் இல்லை. அவரிடம் அதற்குத் தெம்பு இல்லை.

கங்காணியிடம் சொல்லிவிட்டு மூட்டையைக் கட்டினேன். மாடுகளில் ஏலக்காய்ப் பொதி ஏற்றி மலை இறங்கிக்கொண்டிருந்த உத்தமபாளையத்து ராவுத்தர் ஒருவர் எங்களைப் பார்த்தார். ஒரு மாட்டின் பொதியை இறக்கி மற்ற மாடுகளுக்குப் பங்கிட்டு, இவரை அதன்மேல் ஏற்றிக் கட்டினார். வழியில் பொடி கொடுத்தவனைப் பற்றிச் சொன்னேன்.

"செபமாலையா போட்டிருந்தான்?" என்று அவர் சிரித்தார். "எங்க ஆளுக வந்தா தொப்பியும் தாயத்துமா ஓதிக் குடுப்பான் தங்கச்சி. குச்சனூரு கோயிலுக்குப் போற கூட்டத்துல திருநூறு பூசிக்கிட்டு நிப்பான். கொய்னாவ மட்டும் எல்லாருட்டயும் ஒண்ணுபோல வாங்கிக்கிருவான். அது மேல தோட்டத்துல நல்ல வெலைக்குப் போகும்."

மாட்டின் மேல் கிடந்தவருக்கு இது கேட்டதா என்று தெரியவில்லை. கேட்டிருக்க வேண்டாம் என்று வேண்டிக்கொண்டேன். ஆகவே, மலை ஏறுகிறவர்களே, நம் அடையாளத்தோடு வருகிறவனைக் கும்பிடுங்கள், வேண்டுமானால் சோறும் போடுங்கள். மருந்தை மட்டும் மடியை விட்டு எடுக்காதீர்கள். தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள். இந்தக் காய்ச்சல் காற்றால் வருகிறதா, ஓடைத் தண்ணீரால் வருகிறதா என்று டாக்டருக்கே திட்டமாகத் தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் அப்போத்திக்கரி இவருடைய இடது விலாவுக்குக் கீழே அழுத்தினார். இவர் அலறினார். மண்ணீரல் வீக்கம் (நம் ஊரில் காய்ச்சல் கட்டி என்பார்கள்) என்றார். நடந்ததைக் கேட்டதும் அவருக்கு வந்த கோபத்தில் மருந்துக் குப்பியை மேசையில் டக்கென்று வைத்தார்.

"பொழச்சுக்கிருவாகளா ஐயா?" என்று கேட்டேன். கேட்கும்போதே அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அவர் கோபம் தணிந்தது. "ரத்தம் சுண்டிப் போயிருக்கும்மா. மருந்து வயித்துல தங்குச்சுன்னா பொழச்சுக்கிருவாரு. தங்க வைக்கிறது உங்க பாடு."

அது லேசுப்பட்ட பாடு இல்லை. விழுங்கியதை அப்படியே வாந்தி எடுப்பார். கஞ்சி கொடுத்து, சற்று ஆறவிட்டு, வாழைப்பழத்துக்குள் பொதிந்து, குழந்தைக்கு ஊட்டுவதுபோல் ஊட்டினேன். "கொல்றியே" என்பார். "ஆமா, கொல்றேன், முழுங்குங்க" என்பேன். தொண்டை இறங்கி ஏறுவதைப் பார்த்தபடியே மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

மருந்து தங்கத் தொடங்கியபின் ஒரு காலையில் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். "நம்ம கோயில்ல துக்கமணி அடிக்கிறாக. எனக்குத்தான் அடிக்கிறாக" என்றார். நான் காதைக் கூர்மையாக்கிப் பார்த்தேன். மணியும் இல்லை, மண்ணும் இல்லை. ராயப்பன்பட்டி மணி உத்தமபாளையத்தில் எப்படிக் கேட்கும்? போகிறவர்களுக்குத்தான் அது கேட்கும் என்று எங்கள் ஊரில் பேச்சு உண்டு. அப்போத்திக்கரியிடம் ஓடினேன்.

அந்த மனுஷர் சிரித்தார்! "அது காது இரைச்சலும்மா. கொய்னா ஒடம்புல ஊறிருச்சுன்னா அப்பிடித்தான் கேக்கும். நல்லாக் கேக்கட்டும்."

நான் திரும்பி வந்து இவரிடம், "அது துக்கமணி இல்ல, மருந்து வேலை செய்யுதுன்னு அய்யா சொல்றாக" என்றேன். சொல்லி முடிப்பதற்குள் அவர் மார்பில் விழுந்து அழுதுவிட்டேன். வார்டில் நாலு பேர் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இருந்துவிட்டேன்.

காய்ச்சல் வர வேண்டிய அடுத்த முறை நாளில் மதியத்துக்கு முன்பே கம்பளியைப் போர்த்திக்கொண்டு காத்திருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். குளிர் வரும் வேளை வந்தது, அதுவும் கடந்தது. வெயில் சன்னலைவிட்டு இறங்கியது. "என்ன, இன்னம் வரக்காணோம்" என்றார், வண்டி தாமதமானதைச் சொல்வதுபோல. பிறகு கம்பளியை விலக்கி, "புழுங்குது" என்றார். அந்தச் சொல்லைக் கேட்க நான் தவம் கிடந்திருக்கிறேன்.

காய்ச்சல் விட்டதும் மருந்தை விட்டுவிடாதீர்கள். நாங்கள் ஊருக்கு வந்தும் வெகுநாள் தொடர்ந்தோம். கிணற்றடிவரை நடக்கவே அவர் மூன்று இடத்தில் உட்கார்ந்தார். வெளுத்த உதட்டில் நிறம் ஏற அறுவடைக்காலம் ஆயிற்று. எனக்குக் கிழமைகள் மறந்துபோயின. வரும் நாள், விடும் நாள் என்று இரண்டே நாள்கள்தான் இருந்தன. பூசைக்கு மணி அடித்தால்தான் ஞாயிறு என்று தெரியும்.

காய்ச்சல் போய்விட்டது, என் கைக்கு மட்டும் அது தெரியவில்லை. மதியமானால் தானாகப் போய் அவர் பிடரியில் நிற்கும். "மாட்டைத் தடவுற மாதிரி என்னத்துக்குத் தடவுற?" என்று அவர் கத்துவார். கத்தட்டும். கத்துகிற தெம்பு வந்ததே என்று எனக்குச் சந்தோஷமாக இருக்கும்.

போன வாரம் ஒரு மதியம், களைப்பில் சுவரோரமாகக் கண்ணயர்ந்துவிட்டேன். கழுத்தில் ஏதோ பட்டு விழித்தேன். அவருடைய உள்ளங்கை. பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒடம்ப முறுக்கிக்கிட்டுக் கெடந்தியே. குளுருதா புள்ள?"

இல்லை என்று தலையை ஆட்டினேன். அவர் கையை எடுக்கவில்லை, நானும் நகரவில்லை. எத்தனையோ நாளாக நெருப்பாகவோ பனியாகவோ மட்டுமே நான் தொட்டுப் பழகிய கை அது. இப்போது சுடவில்லை, சில்லிடவும் இல்லை. வெறும் கையாக இருந்தது.