அண்ணன் கையில் இருந்த இரும்புக் காப்பு

அந்த ஸ்கேன் சென்டரின் ஏசி குளிர் எனக்கு இன்னும் மறக்கவில்லை. திண்டுக்கல்லில் இருந்து மதுரைக்குப் போய், பல் கிடுகிடுக்க ஹாலில் உட்கார்ந்திருந்தோம். உள்ளே எம்ஆர்ஐ மெஷின் டொக் டொக் என்று சுவரை இடிப்பதுபோல் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது...

உள்ளே போக வேண்டியவன் என் அண்ணன் பீட்டர். சின்ன வயதிலிருந்தே அவனுக்கு வலிப்பு. சோற்றுத் தட்டோடு விழுவான், சைக்கிளோடு விழுவான். ஐடிஐ முடித்தும் திண்டுக்கல்லில் எந்த ஒர்க்‌ஷாப்பிலும் அவனை வைத்துக்கொள்ளவில்லை. மெஷின் பக்கத்தில் நிறுத்தப் பயம். மாத்திரைகளை மாற்றி மாற்றிக் கொடுத்த டாக்டர், மூளைக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்தால்தான் வழி என்று சொல்லிவிட்டார். அந்த ஸ்கேன் தேதிக்காகத்தான் அவ்வளவு நாள் காத்திருந்தோம்.

வலிப்பு வந்தால் கையில் இரும்பைக் கொடுப்பது எங்கள் பக்கத்துப் பழக்கம். அம்மா அதற்கும் ஒரு படி மேலே. விழும்போது பக்கத்தில் யார் இருப்பார்களோ என்று, பட்டறையில் சொல்லி இரும்புக் காப்பு ஒன்றை அடித்துச் சின்ன வயதிலேயே போட்டுவிட்டாள். கை வளர்ந்தது... காப்பு வளரவில்லை.

டெக்னீஷியன் அதைப் பார்த்துவிட்டார்.

"உள்ள இருக்குறது பெரிய காந்தம்மா. காப்பக் கழட்டாம விட முடியாது."

அம்மா முந்திக்கொண்டாள். "கழட்டுனா உள்ளயே வலிப்பு வந்துரும்யா."

"காப்பு இருக்கும்போது வரலையா?"

"வந்துச்சு... இது இல்லாட்டி இன்னும் அம்புட்டு வந்திருக்கும்ல."



"நீங்க சொல்லுங்கப்பா" என்று அப்பாவைப் பார்த்தேன். எட்டாம் வகுப்புக்குக் காந்தம் பற்றிப் பாடம் நடத்துகிற சயின்ஸ் வாத்தியார் அவர். "செத்த நேரம் சும்மா இருத்தா... அம்மா மனசு கோணாமப் பாக்கணும்ல" என்றார். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

சோப்புப் போட்டு இழுத்துப் பார்த்தோம். வரவில்லை. வரவில்லை என்றதும் அம்மா முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது பாருங்கள், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஸ்கேன் எடுக்காமலே ஊருக்கு பஸ் ஏறினோம். கொடைரோடு தாண்டியதும் அண்ணனுக்கு வலிப்பு வந்தது. முன் சீட்டுக் கம்பியில் இடித்து நெற்றி கிழிந்தது. தெளிந்ததும் அம்மா முந்தானையால் ரத்தத்தைத் துடைத்தாள்.

"ஏம்மா... காப்பு கையிலதான இருக்கு?" என்றான். கோபமாகக்கூடக் கேட்கவில்லை.

 மறுநாள் காலையில் அம்மாவே அவனைக் கிரில் பட்டறைக்குக் கூட்டிப்போய்க் காப்பை அறுத்துக் கொண்டுவந்தாள்.

அடுத்த தேதி கிடைக்க மாதக்கணக்கானது. அதற்குள் அவன் எத்தனை தடவை விழுந்தான் என்று நினைத்தால் இப்போதும் எரிச்சல் வருகிறது. ஸ்கேனில் மூளையின் ஒரு பக்கம் சின்னத் தழும்பு தெரிந்தது. டாக்டர் ஃபிலிமை லைட்டில் மாட்டி, "இங்கருந்துதான் கிளம்புது" என்று காட்டினார். ஆபரேஷன் செய்து அந்த இடத்தை எடுத்தார்கள். மாத்திரை மட்டும் தொடர்ந்தது. அண்ணன் பிறகு விழவே இல்லை.

இன்றைக்கு அவனுக்குச் சொந்தமாக லேத் பட்டறை இருக்கிறது. ஸ்கேன் திண்டுக்கல்லிலேயே எடுக்கிறார்கள், படம் செல்லுக்கே வந்துவிடுகிறது.

போன மாதம் அண்ணன் மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். அம்மா காலையிலேயே அண்ணனிடம் ஆரம்பித்துவிட்டாள். "அப்பு, அவுக போற வரைக்கும் அந்த மாத்திரைய உள்ள எடுத்து வையி."

அண்ணன் அவர்கள் முன்னாலேயே தண்ணீர் வாங்கி மாத்திரையைப் போட்டான். "வலிப்புக்குப் போடுறேங்க. இப்பல்லாம் வாரதில்ல" என்றான்.

வந்தவர்கள் சிரித்தார்கள். கேசரி சாப்பிட்டார்கள். போன் பண்ணுகிறோம் என்று கிளம்பினார்கள்.

என் நம்பரைத்தான் கொடுத்திருந்தோம், இன்னும் போன் வரவில்லை. அம்மா என்னைத்தான் தினமும் கேட்டு நச்சரிக்கிறாள். நேற்று அண்ணன் மகள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அத்த... அவுக போன் பண்ணுனா, வேணாம்னு சொல்லிருங்க."