வெயிலில் வெளுக்காத ரோஸ்

இதைக் கதை என்று நினைத்துப் படிக்க வேண்டாம். நடந்தது. அதுவும் நள்ளிரவில், ஆளில்லாத பாதையில் அல்ல. பட்டப்பகலில், சுள்ளென்று வெயில் அடிக்கும்போது, எங்கள் வீட்டு ஹாலில்.

அந்த வெயில்தான் காட்டிக்கொடுத்தது. எப்படி என்று புரிய வேண்டுமானால் முதலில் ஒரு சின்ன விஷயத்தை விளக்கியாக வேண்டும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் கறுப்பு வெள்ளை பிலிமை வீட்டுக் குளியலறையிலேயே கழுவுகிறவன். கழுவி எடுத்த நெகட்டிவ் சில சமயம் தெளிவாக இருக்காது. இளம் ரோஸ் நிறம் பூசியதுபோல் இருக்கும். பிலிம் தயாரிக்கும்போதே அதில் சேர்க்கிற சாயம் அது. படம் அழியாமல் நிலைக்க வைக்கும் பிக்ஸர் கரைசலில் இன்னும் கொஞ்ச நேரம் ஊறவிட்டால் பெரும்பாலும் போய்விடும். போகாவிட்டால் சல்பைட் கரைசலில் அலசலாம். அதற்கும் மசியாவிட்டால் கடைசி வைத்தியம் வெயில். ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிவைத்தால் பழைய சட்டை வெளுப்பதுபோல் ரோஸும் வெளுத்துவிடும். படத்துக்கு ஒன்றும் ஆகாது. சொல்லப்போனால் ரோஸ் இருந்தாலும் பிரிண்ட் போடலாம். எனக்குத்தான் மனசு கேட்காது.

அதிலும் அந்தச் சுருள்களில் இருந்தது என் மகள். எட்டு மாதக் குழந்தை. அவள் பிறந்ததிலிருந்து எடுத்த படங்கள் எல்லாம் கழுவாமல் சேர்ந்து கிடந்தன. நாலாவது மாடியில் இருந்த அந்த வீட்டுக்குக் குடிவந்த பிறகுதான் நேரம் கிடைத்தது.

முதல் சுருளைத் துண்டுகளாக வெட்டி, ஹால் ஜன்னலின் உள்பக்கத்தில் ஒன்றையடுத்து ஒன்றாக ஒட்டினேன். மாலையில் எடுத்துப் பார்த்தால் சுற்றிலும் நன்றாக வெளுத்திருந்தது. நடுவில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு ரோஸ் அப்படியே இருந்தது. ஓரமெல்லாம் மங்கல்.

பிக்ஸர் பழசு என்று நினைத்துக்கொண்டேன். புதிதாகக் கரைத்து அடுத்த சுருளைக் கழுவி ஒட்டினேன்.

மறுபடியும் நடுவில் ரோஸ்.

இங்கேதான் எனக்குச் சந்தேகம் தட்டியது. கழுவும்போது பிலிம் சுருண்டிருக்கும். கரைசலின் கோளாறு என்றால், வெட்டி வரிசையாக ஒட்டிய பிறகு இப்படி ஒரே இடத்தில் கூடி நிற்காது. அப்படியானால் இது நிழல். ஏதோ ஒன்று வெயிலை மறைத்திருக்கிறது.

இந்த முறை ஓரம் அவ்வளவு மங்கலாக இல்லை. மேலே ஐந்து நீட்டல்கள் தெரிந்தன.

கை.

வேலை தேடி எங்களோடு தங்கியிருந்த மச்சான் மேல்தான் சந்தேகம் போயிற்று. என் மனைவியின் தம்பி. ஒருமுறை என் ஷூவுக்குள் ரப்பர் தவளையை வைத்த ஆள்.

"டேய், உண்மையைச் சொல்லு. கை மாதிரி அட்டை வெட்டி ஜன்னலுக்கு வெளிய ஒட்டினியா?"

"நாலாவது மாடி மாமா. வெளிய போய் ஒட்டறதுக்கு நான் என்ன பல்லியா?"

"அவனா?" என்றாள் மனைவி சமையலறையிலிருந்து. "குடிச்ச டம்ளரையே எடுத்து வைக்க மாட்டான். அட்டை வெட்டிட்டாலும்!"

சிரித்துவிட்டேன். ஆனால் அன்று படுக்கையில் ஒன்று உறைத்தது. வெயில் ஒரே இடத்தில் நிற்பதில்லை. நகர்ந்துகொண்டே இருக்கும். ஜன்னலுக்கு வெளியே எங்கேயாவது அசையாத அட்டை இருந்திருந்தால் நிழலும் நகர்ந்து, அந்த வடிவம் பக்கவாட்டில் இழுபட்டிருக்கும். இது இழுபடவில்லை.

மறைத்தது எதுவோ, அது வெயிலோடு சேர்ந்து நகர்ந்திருக்கிறது. கொஞ்சம் கொஞ்சமாக... நாள் முழுக்க.

கடைசிச் சுருளைக் கழுவியபோது மனைவி வேலைக்குப் போயிருந்தாள். மச்சானை வேண்டுமென்றே வெளியே அனுப்பினேன். கதவைத் தாழ்போட்டேன். துண்டுகளைக் கண்ணாடியில் ஒட்டவில்லை. ஹால் நடுவில் கயிறு கட்டி, கிளிப் போட்டு, நெருக்கமாகத் தொங்கவிட்டேன். வெயில் அதுவரைக்கும் வரும். கயிற்றுக்குக் கீழேயே தொட்டில். மகள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

இனி எவன் எப்படி அட்டை வைக்கிறான், பார்க்கலாம்!

சமையலறையில் பால் பாட்டில்களைக் கழுவிக்கொண்டு வெகுநேரம் நின்றிருந்தேன். அப்போது மகள் சிரித்தாள்.

கிளுக்...

ஒரு நிறுத்தம்.

கிளுக்...

முகத்தை மூடி மூடித் திறந்து காட்டினால் சிரிப்பாளே, அந்தச் சிரிப்பு.

ஓடினேன். ஹாலில் யாரும் இல்லை. மகள் என்னைப் பார்க்கவில்லை. மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். பிலிம் துண்டுகள் ஆடிக்கொண்டிருந்தன. மின்விசிறி ஓடவில்லை. ஜன்னல் மூடியிருந்தது.

துண்டுகளைச் சேர்த்துப் பிடித்துப் பார்த்தேன்.

கை. பிளேடால் வெட்டியதுபோல் ஓரம். சுண்டுவிரல் லேசாக வளைந்திருந்தது.

நீங்களே செய்து பாருங்கள். கையைச் சுவரிலிருந்து தள்ளிப் பிடித்தால் நிழல் மங்கும். கிட்டே கொண்டுபோகப் போக நிழல் கூர்மையாகும்.

முதல் தடவை மங்கல்.

அடுத்த தடவை கொஞ்சம் கூர்மை.

இப்போது...

ஜன்னலுக்கு அருகில் இல்லை. பிலிமுக்கு அருகில்.

உள்ளே.

தொட்டிலுக்கு மேலே.

மகளை வாரி எடுத்துக்கொண்டு செருப்புகூடப் போடாமல் படியிறங்கினேன். அந்த வாரமே வீட்டைக் காலி செய்தோம்.

சில மாதங்கள் கழித்து, அந்த வீட்டுக்கு எதிர்க் கட்டடத்தின் மாடியில் கடை வைத்திருக்கும் தையல்காரரைக் கடைத்தெருவில் பார்த்தேன்.

"அந்தம்மா நல்லா இருக்காங்களா சார்?"

"யாரு, என் மனைவியா?"

"அவங்க இல்ல. ஹால் ஜன்னல்ல நிப்பாங்களே, அவங்க. முதல்ல எல்லாம் வெளிய தொத்திக்கிட்டு நிப்பாங்க, முதுகுதான் தெரியும். கண்ணாடி தொடைக்கிறாங்கன்னு நினைச்சேன். விழுந்துடப் போறாங்களேன்னு பதறும் சார். அப்புறம் ஒரு நாள் உள்ள இருந்து எட்டிப் பாத்தாங்க. அன்னிக்குத்தான் முகத்தையே பாத்தேன்."

அவர் பக்கம் நெருங்கி நின்றேன்.

"இப்பவும்... அங்க நிக்கிறாங்களா?"

"என்ன சார் கேக்கறீங்க? நீங்க காலி பண்ணின அன்னிக்கு வண்டியில பாப்பா பக்கத்துல உக்காந்து போனாங்களே!"

இதை மனைவியிடம் நான் சொல்லவில்லை. இப்போதும் பிலிம் கழுவுகிறேன். பிக்ஸரில் கூடுதலாக ஊறவிடுகிறேன், சல்பைட்டில் அலசுகிறேன். வெயிலில் மட்டும் வைப்பதில்லை. கொஞ்சம் ரோஸ் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

மகள் நடக்கத் தொடங்கிவிட்டாள். விழுவதே இல்லை என்று மனைவிக்கு ஒரே பெருமை.

ஒரு கையை மேலே தூக்கியபடியேதான் நடக்கிறாள். விரல்களை மூடி... எதையோ பிடித்திருப்பதுபோல்.