கிலாங் பஸ்ஸில் ஏறிய டீச்சர்

பள்ளிக்கூடத்தில் ஒரு குழந்தை தனியாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்ட ஒருத்தி, அதை அந்தக் குழந்தையின் தாயிடம் போய்ச் சொல்ல வேண்டுமா, பேசாமல் இருந்துவிட வேண்டுமா? சில வாரங்களாக இந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டு சமைக்கிறேன், கார் ஓட்டுகிறேன், கெலுகோரில் என் அலுவலகத்துக்குப் போய் வருகிறேன். விடை மட்டும் வரவில்லை. யோசிக்க உட்கார்ந்தால் அதற்குப் பதிலாக ஒரு வாசனைதான் வருகிறது. இரவு முழுவதும் ரப்பர் கையுறைக்குள் இருந்து, விடிந்தபின் வெளியே வந்த கையின் வாசனை. அது என் அம்மாவின் கை.

அம்மா இங்கே மலேசியாவில், பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை செய்தார். தொழிற்சாலை என்று எங்கள் அடுக்குமாடியில் யாரும் சொன்னதில்லை, மலாய்ப் பேச்சிலிருந்து எடுத்து "கிலாங்" என்றுதான் சொல்வார்கள். அங்கே போகிற பஸ் "கிலாங் பஸ்", அங்கே குளிருக்குப் போட்டுக்கொள்கிற நீலச் சட்டை "கிலாங் சட்டை", அங்கிருந்து வருகிற கோபம்கூட "கிலாங் கோபம்". இரவு ஷிப்ட் வாரங்களில் அம்மா நான் பள்ளிக்குப் போனபின் வீடு வந்து, நான் திரும்பும்போது தூங்கிக்கொண்டிருந்து, விளக்கு வைக்கும் நேரத்தில் எழுந்து எனக்குத் தலை வாரிவிட்டு மறுபடி பஸ் ஏறுவார். அப்பா துறைமுகத்து லாரி ஓட்டினார். அவர் விடியுமுன்பே போய்விடுவார். என்னைப் பள்ளிக்கு நடத்திக் கூட்டிப்போனவள் மேல்மாடி ராஜாமணி அக்காவின் மகள். ராஜாமணி அக்காவும் அம்மாவுடன் அதே கிலாங்கில், அதே ஷிப்டில் இருந்தவர். குரல் பெரிது, மனதில் எதையும் வைத்துக்கொள்ளத் தெரியாதவர்.

நான் படித்தது ஜோர்ஜ் டவுனில் ஒரு கான்வென்ட் ஆரம்பப் பள்ளி. எங்கள் வீட்டில் சாமி படங்கள். பள்ளியில் வாசலருகே கல் அடுக்கிக் குகைபோலக் கட்டிய மாதா கெபி. நெற்றியில் திருநீற்றோடு போகிற நாங்களும் கெபியைக் கடக்கும்போது ஒரு நொடி நின்று தலை குனிவோம், அது யாரும் சொல்லித்தந்த பழக்கமல்ல. அந்தப் பள்ளிக்குப் பெற்றோர்களை உள்ளே அழைப்பதில் பெரிய ஆசை உண்டு. தலைமையாசிரியையாக இருந்த சிஸ்டர், ஒவ்வொரு கூட்டத்திலும், "பிள்ளை பாதி நாள் எங்ககிட்ட, மீதி நாள் உங்ககிட்ட, நாம பேசிக்கலன்னா அது ரெண்டு பிள்ளையா ஆயிடும்" என்பாராம். ஆனால் ரிப்போர்ட் கார்டு வாங்க வரச் சொல்லும் நாளில் எங்கள் அடுக்குமாடிப் பிள்ளைகளின் நாற்காலிகளுக்கு எதிரில் யாரும் இருக்கமாட்டார்கள். இரவெல்லாம் நின்று வேலை செய்தவர்கள் அப்போது தூங்கிக்கொண்டிருப்பார்கள்.

இதற்கு வழி கண்டுபிடித்தது யாரும் கூடிப் பேசி அல்ல. இரண்டாம் ஆண்டுக்கு எனக்கு வகுப்பாசிரியையாக இருந்த பிலோமினா டீச்சர், கிலாங் பஸ் வரும் வழியிலுள்ள கெலுகோரில் குடியிருந்தார். ஒரு நாள் அவருடைய கார் கிளம்பவில்லை. பஸ் நிறுத்தத்தில் குடையும் நோட்டுக் கட்டுமாக நின்றவரை, வேலை முடிந்து பட்டணத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்த கிலாங் பஸ்ஸின் சன்னலிலிருந்து ராஜாமணி அக்கா பார்த்துவிட்டார்.

"காதர் அண்ணே, நிறுத்துங்க நிறுத்துங்க, எம் மவ டீச்சர் நிக்கிறாங்க!"

"இது உங்க அப்பன் வூட்டு பஸ்ஸா, கண்ட எடத்துல நிறுத்த?" என்று சொல்லிக்கொண்டே ஓட்டுநர் காதர் அண்ணன் நிறுத்தினாராம்.

பஸ் பள்ளி வாசலுக்கு வந்து சேர்வதற்குள், தங்கள் பிள்ளைகளைப் பற்றி அந்த அம்மாக்கள் கேட்டதற்கெல்லாம் டீச்சர் பதில் சொல்லி முடித்திருந்தார். மலாய்க்கார அம்மாக்களுக்கு மலாயில், சீன அம்மாக்களுக்கு அவர்கள் பேசும் மலாயில், எங்களவர்களுக்குத் தமிழில். சிஸ்டரிடம் அவர் தயங்கித் தயங்கிச் சொன்னபோது சிஸ்டர் சிரித்து, அடுத்த ரிப்போர்ட் கார்டு நாளில் கார்டுகளையே எடுத்துக்கொண்டு பஸ்ஸில் போகச் சொல்லிவிட்டார். டீச்சர் வரும்வரை வகுப்பை அவரே பார்த்துக்கொண்டார். அதன்பின் அதுவே வழக்கமாயிற்று. தொடைமேல் கைப்பையை வைத்து அதன்மேல் கார்டை வைத்துக் கையெழுத்துப் போடுவார்களாம். பஸ் குலுங்கியதால் கோணிப்போன கையெழுத்துகளை வகுப்பில் நாங்கள் ஒப்பிட்டுப் பார்த்துச் சிரித்திருக்கிறோம்.

அந்த பஸ்ஸில் நான் ஒருநாளும் ஏறியதில்லை. ஆனாலும் அதற்குள்ளேயே வளர்ந்தவள்போலத்தான் இருக்கிறது, ஏனென்றால் அங்கே பேசப்பட்டது எல்லாம் மாலைக்குள் மாடிப்படி வழியாக எங்கள் காதுக்கு வந்துவிடும். யார் பிள்ளைக்குக் கணக்கு வரவில்லை, யார் மகள் பென்சில் மெல்லுகிறாள், யாருக்குக் கண் சரியாகத் தெரியவில்லை என்பதெல்லாம் பஸ் முழுவதற்கும் தெரியும். எனக்கு மலாய்க் கட்டுரை வரவில்லை என்று தெரிந்த அன்று, கீழ்வீட்டு மலாய் அக்கா ஒருவர் அம்மாவிடம் கேட்காமலே என்னைத் தன் சமையலறையில் உட்காரவைத்து எழுதச் சொன்னார்.

அரையாண்டுக் கார்டு வந்த ஒரு காலையில் நடந்ததைத்தான் சொல்ல வந்தேன். டீச்சர் அம்மாவிடம், "மீனாவுக்குப் படிப்புல குறை ஒண்ணும் இல்ல லெட்சுமி, அமைதியான பொண்ணு" என்றாராம்.

"அமைதியா?" என்று முன் இருக்கையிலிருந்து திரும்பினாராம் ராஜாமணி அக்கா. "என்னா டீச்சர் நீங்க. எம் மவ சொன்னா, அது ரெசஸ்ல மாடிப்படிக்குக் கீழ தனியா உக்காந்து ரொட்டி திங்குதாம். பள்ளி தொறந்த நாள்லேருந்து அப்படித்தானாம். பேச ஆள் இல்லையாம் லா அதுக்கு."

டீச்சருக்கு அது தெரிந்திருக்கவில்லை. அம்மாவுக்கும் தெரியாது. பேச ஆளில்லை என்பதை எந்த வார்த்தையில் சொல்வது என்று எனக்கே அப்போது தெரியாது. பள்ளி எப்படி என்று கேட்டால் "நல்லாருக்கு" என்பேன், அம்மா என் சடையை முடித்துக்கொண்டிருப்பார், பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருக்கும்.

அன்று இடைவேளைக்கான ரெசஸ் மணி அடித்து நான் ரொட்டிப் பெட்டியோடு படிக்கட்டுப் பக்கம் திரும்பியபோது, பள்ளிச் சிற்றுண்டிச்சாலையின் நீளப் பெஞ்சில் ஒரு நீலச் சட்டை தெரிந்தது. டீச்சருடன் பஸ்ஸிலிருந்து இறங்கியவர் வீட்டுக்குப் போகாமல், இரவு வேலை செய்த அதே உடையில், அவ்வளவு நேரமும் அங்கேயே காத்திருந்திருக்கிறார். எனக்கு முதலில் வந்தது வெட்கம். மற்றவர்களின் அம்மாக்கள் பள்ளிக்கு வரும்போது பொட்டும் பூவுமாக, நல்ல சேலையில் வருவார்கள்; என் அம்மாவின் தலை கலைந்து, கண் சிவந்திருந்தது. பிறகு அவர் தன் பக்கத்துப் பெஞ்சைத் தட்டினார். நான் போய் ஒட்டிக்கொண்டேன். இரண்டு பொட்டலம் நாசி லெமாக், வெள்ளரியும் காரச் சம்பலும் வைத்த தேங்காய்ப்பால் சோறு, வாங்கி வைத்திருந்தார். "ஏன் தனியா உக்காருற?" என்று அவர் கேட்கவில்லை. "காரமா இருக்கா?" என்றுதான் கேட்டார். பாதி சாப்பிடுவதற்குள், சாப்பிட்ட கையை அந்தரத்தில் நீட்டிவைத்தபடி, இன்னொரு கையில் தலையைச் சாய்த்து மேசையிலேயே தூங்கிப்போனார்.

தூங்குகிற ஒரு பெரிய ஆளைப் பள்ளியில் நாங்கள் யாரும் பார்த்ததில்லை. என் வகுப்புப் பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து மேசையைச் சுற்றி நின்றார்கள்.

"உங்கம்மாவா? செத்துட்டாங்களா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"நைட் ஷிப்ட்" என்றேன்.

"எங்கம்மாவும் நைட் ஷிப்டுதான். எங்கம்மா வாயத் தொறந்துகிட்டு தூங்குவாங்க."

"எங்கம்மா தொறக்க மாட்டாங்க" என்றேன், பெருமையாக. எழுப்பிவிடாமல் இருக்க எல்லாரும் குசுகுசுவென்று பேசினோம். மணி அடித்தபோது அம்மா திடுக்கிட்டு விழித்து, தன்னைச் சுற்றி நின்ற அத்தனை முகங்களையும் பார்த்து, என்ன செய்வதென்று தெரியாமல் மிச்சமிருந்த வெள்ளரித் துண்டுகளை எல்லாருக்கும் நீட்டினார். மறுநாள் வாய் திறந்து தூங்கும் அம்மாவின் மகள் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அதற்குப்பின் நான் படிக்கட்டுக்குக் கீழே போனதாக நினைவில்லை.

இதையெல்லாம் இத்தனை வருடமாக இனிப்பாகத்தான் வைத்திருந்தேன். இப்போது என் மகள் அதே பள்ளியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். செய்தி வரும் வழிகளுக்குக் குறைவில்லை. அவள் வாசலுக்குள் நுழைந்ததும் கைப்பேசியில் ஒரு மணி ஒலிக்கிறது. வீட்டுப்பாடம், மதிப்பெண், நாளைய திருப்பலிக்கு என்ன உடை என்பதெல்லாம் பள்ளியின் செயலியில் வருகிறது. மலேசியாவில் நாங்கள் புலனம் என்று சொல்லும் வாட்ஸ்ஆப்பில் வகுப்புத் தாய்மார்களின் குழு ஒன்று விடிந்ததும் விழித்துக்கொள்கிறது. எல்லாம் ஒழுங்கு, எல்லாம் மரியாதை. பிறர் பிள்ளையைப் பற்றி அங்கே யாரும் எழுதுவதில்லை. அது சரியான விதி என்றே நானும் நினைக்கிறேன், என் மகளின் மதிப்பெண்ணை ஒரு பஸ்ஸே பேசுவதை என்னால் தாங்க முடியாது.

பெற்றோர் முறைவைத்து வந்து ரெசஸ் நேரத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு ஒன்று உண்டு. அதில் நானும் பெயர் கொடுத்தேன். அங்கே பார்த்ததை மற்றப் பெற்றோரிடம் பேசுவதில்லை என்று ஒப்புக்கொண்டுதான் உள்ளே போகிறோம். என் முதல் முறையன்று, மாதா கெபிக்குப் பின்பக்கம், சுவரைப் பார்த்தபடி ஒரு சிறுமி உட்கார்ந்து தன் சாப்பாட்டுப் பெட்டியின் மூடியோடு மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தாள். என் மகளின் வகுப்பு. அடுத்த முறை போனபோதும் அங்கேதான் இருந்தாள். மகளிடம் கேட்டேன். "அவ எப்பவும் அங்கதாம்மா இருப்பா" என்றாள், மழை பெய்கிறது என்று சொல்வதுபோல. வகுப்பாசிரியையிடம் சொன்னேன், நல்லவர், நன்றி சொன்னார், கவனிப்பதாகச் சொன்னார். சில நாள் அந்தச் சிறுமி மற்றவர்களோடு மேசையில் இருந்தாளாம், பிறகு மறுபடி கெபிக்குப் பின்னால் போய்விட்டாளாம், மகள் சொன்னாள்.

அவளுடைய அம்மாவை ஷீலா என்று சொல்லிக்கொள்கிறேன், அது அவர் பெயரல்ல. நல்ல வேலையில் இருப்பவர், எப்போதும் அவசரத்தில் இருப்பவர். போன வாரம் பள்ளி வாசலில் என் காரை அவர் காரை ஒட்டி நிறுத்தியபோது கண்ணாடியை இறக்கிக் கேட்டேன்.

"பொண்ணு எப்படி இருக்கா ஷீலா?"

"ஐயோ, ஸ்கூலுன்னா உயிரு அக்கா அவளுக்கு. காலையில என்னைய எழுப்புறதே அவதான்" என்றார். அந்த முகத்தில் அவ்வளவு நிம்மதி. பின்னாலிருந்த கார் ஹாரன் அடித்தது. நான் கையசைத்துவிட்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா இப்போது எங்களோடுதான் இருக்கிறார். "ராஜாமணி அக்கா மாதிரி பட்டுன்னு சொல்ல எனக்கு வரலையேம்மா" என்றேன்.

கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா ஒரு பழுத்த இலையைக் கிள்ளி ஒதுக்கினார். பிறகு சொன்னார்: "அந்த வருசம் முடியிற வரைக்கும் அவகிட்ட நான் பேசல, தெரியுமா? பஸ்ஸுல கடைசி சீட்டுக்கு மாறிட்டேன். அத்தனை பேர் முன்னால, நீ என்னாடி தாயின்னு கேட்ட மாதிரி இருந்துச்சி."

எனக்கு இது தெரியாது. நான் ஏங்கிக்கொண்டிருந்த அந்த பஸ்ஸின் கடைசி இருக்கையில் என் அம்மா தனியாக உட்கார்ந்து வந்திருக்கிறார்.

"அப்ப அவங்க சொல்லாம இருந்திருக்கணுமா?" என்று கேட்டேன்.

"அப்படி எங்க சொன்னேன்? சொல்லலன்னா நான் எப்படி எறங்கி வந்திருப்பேன்?" என்றார் அம்மா. "கோவம் கோவந்தான். அது வேற."

கிலாங் பஸ்கள் இன்றும் ஓடுகின்றன. அவற்றில் வருகிற பெண்கள் இப்போது பெரும்பாலும் வேறு நாடுகளிலிருந்து, பிள்ளைகளை ஊரில் விட்டுவிட்டு வந்தவர்கள். பிலோமினா டீச்சர் ஓய்வுபெற்று மகனோடு ஆஸ்திரேலியா போய்விட்டார். எங்கள் பள்ளியில் இப்போது சிஸ்டர்கள் யாரும் இல்லை. ஒருத்தி பிள்ளையைப் பற்றி இன்னொருத்தி சத்தமாகச் சொல்லிவிட்டு, அதனால் வரும் பகையையும் வாங்கிக்கொண்டு, மறுநாளும் அதே வண்டியில் ஏறியாக வேண்டியிருந்த ஒரு காலம் போயிற்று. எங்களுக்குத் தனித்தனிக் கார்கள். கோபித்துக்கொண்டால் திரும்பச் சேர்த்துவைக்க ஒரு வழித்தடம்கூடப் பொதுவாக இல்லை.

நான் ஒப்புக்கொண்ட விதியை மீறலாமா? நான் பார்த்தது இரண்டே முறை. அந்தக் குழந்தைக்குத் தனிமைதான் பிடிக்கிறதோ என்னவோ, நான் என் கதையை அவள்மேல் போர்த்திப் பார்க்கிறேனோ என்றும் தோன்றுகிறது. இதை எழுதுவதேகூட ஒரு கோழைத்தனமான சொல்லிவிடுதலோ என்று பயமாகவும் இருக்கிறது; அதனால் அடையாளங்களை மாற்றியிருக்கிறேன். வாசகர்களில் பள்ளிப் பிள்ளைகளின் தாய்மார்கள் இருப்பீர்கள். உங்கள் பிள்ளையைப் பற்றி உங்களுக்குத் தெரியாத ஒன்றை இன்னொருத்தி வந்து சொல்வதானால், அவள் எங்கே வந்து, எந்த வார்த்தையில் தொடங்கினால் நீங்கள் அவளோடு பேசாமல் போகமாட்டீர்கள்? தயவுசெய்து எழுதுங்கள். அடுத்த மாதத் தொடக்கத்தில் மறுபடி என் முறை வருகிறது.