ஆனந்தவல்லிக்காவுக்கு நான்தான் கார்டியன்

1817-இல் எங்கள் ஊர் கட்கியில் வெள்ளைக்காரனும் பேஷ்வாவும் சண்டை போட்டார்களே, எதற்கு? பின்னொரு நாள் எங்கள் ஆனந்தவல்லிக்கா இங்கே உட்கார்ந்து பி.ஏ. படிக்க வேண்டும் என்பதற்குத்தான். லோஹேகாவில் விமானம் இறங்குவதும் முளா ஆறு ஓடுவதும் அந்த ஏற்பாட்டில் சேர்ந்தவையே. நம்பாதவர்கள் அவர் வகுப்பில் தூங்கும்போது வந்து பார்க்கலாம். அவ்வளவு கம்பீரமாக இந்த ஊரில் எவரும் தூங்கியதில்லை.

அக்காவுக்கு வெடிமருந்துத் தொழிற்சாலையில் பெட்டி கட்டும் வேலை. காலை ஆறரைக்கு ஷிப்ட். சாயங்காலம் காலேஜ். வயது நாற்பத்து நாலு. குவார்ட்டர்ஸில் எங்களுக்கு அடுத்த கதவு. வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து ஒன்பது வருஷமாகிறது. மகள் காவ்யா சோலாப்பூரில். பெட்டி கட்டுகிறவர்கள் கிளார்க் ஆக ஒரு தேர்வு உண்டு. டிகிரி வேண்டும், நாற்பத்தைந்தைத் தாண்டக்கூடாது. ஆக 2003-இல் கடைசி வருஷப் பரீட்சை எழுதாவிட்டால் ரிட்டயர் ஆகும்வரை பெட்டிதான். அந்த நேரம் பார்த்துக் காவ்யாவின் பிரசவம் கையிருப்பைக் கரைத்துவிட்டது. பரீட்சைக் கட்டணத்துக்கு வழியில்லை.

காலேஜில் ஒரு நிதி இருந்தது. ஒவ்வொரு பிள்ளையும் கட்டும் ஃபீஸில் பதினைந்து ரூபாய் அதற்குப் போகும். வயசு கடந்து படிக்க வருகிறவர்களுக்குப் பரீட்சைக் கட்டணம் கொடுப்பதற்காக. பதினொரு வருஷமாகப் பிள்ளைகள் கட்டுகிறார்கள், ஒருத்தரும் வாங்கியதில்லை. விண்ணப்பத்தின் கடைசி வரியைப் பார்த்ததும் காரணம் புரிந்தது: தகப்பனார் அல்லது கார்டியன் கையெழுத்து.

ஆபீஸில் காலே சாஹேப் அந்த வரியைப் பேனாவால் தட்டினார். நான் அக்காவுக்குத் துணையாகப் போயிருந்தேன். பேச்செல்லாம் ஹிந்தியில்தான்.

"அப்பா செத்துப் பதினெட்டு வருஷம் ஆச்சு சாஹேப்."

"அப்ப கார்டியன்."

"எனக்கே மாப்பிள்ளை வந்தாச்சு. எனக்கு ஏது கார்டியன்?"

"மாப்பிள்ளைக்குப் படிவத்துல இடமில்ல, அம்மா."

அக்கா படிவத்தை மடித்தார். அதைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. "நான்தான் கார்டியன்" என்றேன். எனக்குப் பதினேழு வயது, பத்தாவதில் இரண்டு முறை ஃபெயில். விரட்டுவார், வழியெல்லாம் சொல்லிச் சிரிக்கலாம் என்று நினைத்தேன். காலே விதிப் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார். கார்டியனுக்கு வயது எவ்வளவு இருக்க வேண்டும் என்று அதில் எங்குமே இல்லை.

"உறவு?"

"அடுத்த கதவு."

எழுதிக்கொண்டார். பதினொரு வருஷ பாரம் இறங்கிய முகம். ஒரே ஒரு நாற்காலி இருந்தது. அதை என் பக்கம் தள்ளினார். அக்கா நின்றார்.

மறுநாள் பொருளாதாரப் பேராசிரியை கூப்பிட்டனுப்பினார். அக்காவை அல்ல, என்னை. "உங்க பிள்ளை வகுப்புல தூங்குது."

நான் அப்பாவின் வாட்சைக் கட்டிக்கொண்டு போயிருந்தேன். முகத்தை இறுக்கிக்கொண்டு, பக்கத்தில் நின்ற அக்காவைப் பார்த்தேன். "ஏம்மா, இதுக்கா உன்னைப் படிக்க அனுப்புறேன்?"

"வீட்டுக்கு வா, இருக்கு உனக்கு" என்றார் அக்கா, பணிவான முகத்தோடு, தமிழில்.

முடிவு இது: ஒரு மாதம் கார்டியன் வகுப்பிலேயே உட்கார்ந்து கண்காணிக்க வேண்டும். வெள்ளிக்கிழமைதோறும் அக்காவின் வகுப்பு நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு பக்கம் காலியாக இருந்தாலும் விண்ணப்பம் தள்ளுபடி.

அக்கா பாடுபட்டார். கண்ணுக்குக் கீழே தைலம், வாயில் பச்சை மிளகாய். ஏழே காலுக்கு மிளகாயை மென்றபடியே தூங்கிப்போனார்.

ஆனாலும் நோட்டு நிறைந்தது. வகுப்பில் அக்காவுக்குப் பக்கத்து இடத்து நஸ்ரின் எழுதித் தந்தாள்; அதற்கு நான் இரண்டு தட்டு பேல்பூரி வாங்கிக் கொடுத்தேன். மற்றபடி கடைசி பெஞ்சில் உட்கார்ந்து ஃபேன் சுற்றுவதை எண்ணிக்கொண்டிருந்தேன். பொருளாதாரம் எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. இதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்.

நாலாவது வெள்ளி காலே முத்திரை குத்தினார். பதினொரு வருஷத்தில் அந்த நிதியிலிருந்து முதல் செலவு. பக்கத்து அறைக் கிளார்க்குகள் வந்து அக்காவைப் பார்த்துவிட்டுப் போனார்கள். அக்கா பரீட்சையை விழித்திருந்தே எழுதினார். செகண்ட் கிளாஸ். அடுத்த மாதம் கிளார்க் தேர்வு.

தமிழ்ச் சங்க மலருக்காக இதுவரை எழுதியதை, பிழை பார்க்கச் சொல்லி அக்காவிடமே கொடுத்தேன். படித்தார். எழுந்துபோய்ப் பழைய நோட்டை எடுத்துவந்து, ஒரு பக்கத்தின் மூலையைக் காட்டினார். பெஞ்சில் கவிழ்ந்து கிடக்கும் ஒரு பெண், கொண்டையில் சொருகிய பென்சிலோடு.

"இது யாருடா?"

"நீங்கதான். நஸ்ரின் வரைஞ்சிருப்பா."

"நஸ்ரின் எனக்குப் பக்கத்துல உட்கார்ந்தவ. அவளுக்கு என் கன்னம்தான் தெரியும். கொண்டை கடைசி பெஞ்சுக்குத்தான் தெரியும்."

நான் ஃபேனைப் பார்த்தேன்.

"'கேன்டீன்ல வடை பத்து, வாய் நூறு, அதனால விலை ஏறுது'ன்னு எழுதினது எந்த நஸ்ரின்? பரீட்சையில அதைத்தானே எழுதிட்டு வந்தேன்."

"சும்மா கிறுக்கினதுக்கா."

"கார்டியன் பொய் சொல்லலாமா?" பேனாவை என் கையில் திணித்துப் படத்துக்குக் கீழே விரலை வைத்தார். "இங்க போடு கையெழுத்து."