உள்ளங்கையில் ஒரு சொட்டு

குக்கரில் நெஞ்செலும்பு வேகிறது. மிளகும் மஞ்சளும் கலந்த ஆவி முகத்தில் பட்டதும் செஞ்சி வீட்டுக் கொல்லைப்புறம் கண்முன் விரிகிறது. ராஜகிரி மலையின் மாலை நிழல் மெல்ல இறங்கிவந்து கிணற்றடியை மூடுகிறது.

அம்மா சைவ வீட்டில் பிறந்தவள். அவளுக்காக நைனா கல்யாணத்தோடு கறியை விட்டிருந்தார். டைபாய்டு வந்து தேறிய நைனாவுக்கு எழுந்து நிற்கவும் தெம்பில்லை. ஆட்டெலும்பு சூப் கொடுக்கச் சொன்னார் டாக்டர்.

அடுக்களைக்குள் கொண்டுபோக மனம் வராமல், அம்மா கொல்லையில் கல் கூட்டிப் புதுச்சட்டியை வைத்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டே எலும்பைக் கழுவினாள், கழுவினாள், கழுவிக்கொண்டே இருந்தாள்.

"போதும் தங்கச்சி, சத்தெல்லாம் தண்ணியோட போவுது பாரு" என்று சுவருக்கு அப்பாலிருந்து சிரித்தார் பக்கத்து வீட்டு பீவியம்மா.

நைனா ஒரு வாய் குடிக்கும்வரை அம்மா அவர் முகத்தையே பார்த்திருந்தாள்.

"உப்பு இருக்குதா?"

"சரியா இருக்குது."

அவ்வளவு சட்டென்று அவர் சொன்னதில் அவளுக்குச் சந்தேகம். சட்டியிலிருந்து உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு நக்கிப் பார்த்தாள்.

"பொய் சொல்றீங்களே! உப்பே போடல நானு."

குக்கர் அடங்கிவிட்டது. எனக்குக் கறி சிறுவயதிலேயே பீவியம்மா வீட்டில் பழகிவிட்டது. ஆனாலும் உப்பு பார்க்கும்போது கண் தானாக மூடிக்கொள்கிறது.