"குடி" என்ற சொல்லுக்குப் பயந்த என் மகள்

எங்கள் மகள் செல்விக்குப் பன்னிரண்டு வயது. ஆட்டிசம் உள்ளவள். எதைச் செய்யச் சொன்னாலும், அது அவளுக்குப் பிடித்த காரியமாகவே இருந்தாலும், மாட்டேன் என்பாள். பிடிவாதம் என்றே நினைத்திருந்தோம்.

போன கோடையில் அவளுக்குக் கடும் காய்ச்சல். "நிறைய தண்ணி குடுங்க, இல்லேன்னா குளுக்கோஸ் ஏத்தணும்" என்றார் டாக்டர். வீட்டுக்கு வந்ததிலிருந்து நானும் என் கணவரும் மாறி மாறிக் கெஞ்சினோம், அதட்டினோம். அவளோ வாயை இறுக மூடிக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துவிட்டாள். மறுநாள் மதியம் உதடெல்லாம் வெடித்திருந்தது. சிறுநீரும் போகவில்லை.

"பிடிச்சு வாயில ஊத்திருவோமா?" என்றார் கணவர். கையைப் பிடித்ததும் அவள் அலறிய அலறலில் அவரே அழுதுவிட்டார். ஆட்டோ கூப்பிட பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஓடினார்.

பிள்ளை கையை விட்டுப் போய்விடுவாளோ என்று பயந்துபோனேன். கட்டிலருகே டம்ளரை வைத்தேன். "குடிக்காட்டியும் பரவால்ல மக்கா. அம்மா இனி ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்று திரும்பி உட்கார்ந்துகொண்டேன். கொஞ்ச நேரத்தில் மடக் மடக்கென்று சத்தம் கேட்டது.

"எனக்கும் தாகமாத்தான் இருந்துச்சும்மா. நீ குடி குடின்னு சொல்லச் சொல்ல பயமா வருது. என்னால முடியல" என்றாள்.

ஆட்டிசம் உள்ள சிலருக்கு எதைச் செய்யச் சொன்னாலும் அப்படிப் பயம் வரும், அது அடம் இல்லை என்று டாக்டரும் பிறகு சொன்னார்.

இப்போது நான் எதையும் ஏவுவதில்லை. வேண்டியதைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறேன். சில நாள் அப்படியும் தொடமாட்டாள். அன்றைக்கெல்லாம் என் வாயை நானே பொத்திக்கொண்டு அடுப்படியில் நிற்கிறேன்.

– இசக்கியம்மாள், சங்கரன்கோவில்